‘கூடாது’ என்று சொல்லிவிட்டால் போதுமா?

மருத்துவ உதவியுடன் மரணம்: கிறிஸ்தவ உலகின் விவாதமும் நம் கரையின் கடமையும்

2019 ஒக்டோபர் 28ஆம் திகதி வத்திக்கானில் ஓர் ஆவணம் கையெழுத்தானது. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மதங்களின் பிரதிநிதிகள் ஒன்றாகக் கூடி அதில் ஒப்பமிட்டார்கள். இந்த யோசனையை முதலில் முன்வைத்தவர் ஆவ்ரஹாம் ஸ்டைன்பேர்க், ரப்பி, மருத்துவரும்கூட. வாழ்வுக்கான பாப்பரசக் கழகம் அதை ஏற்று நடத்தி முடித்தது. எத்தனையோ விடயங்களில் முரண்பட்டு நிற்கும் மூன்று மதங்கள், மனிதனின் கடைசி நாட்களைப் பற்றி அன்று ஒரே குரலில் பேசின.

கருணைக்கொலையும் மருத்துவரின் உதவியோடு உயிரை முடித்துக்கொள்வதும் கூடாது என்றது அந்த ஆவணம். மரணம் நெருங்கிவிட்ட நிலையில், வேதனையை நீட்டுவதைத் தவிர வேறெதையும் செய்யாத சிகிச்சையை விட்டுவிடலாம் என்றும் சொன்னது. தரமான நோய்த்தணிப்புப் பராமரிப்பு எல்லா இடங்களிலும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

முதலாவது செய்தித் தலைப்பானது. அதைச் சொல்ல எந்தச் செலவும் இல்லை. மற்ற இரண்டும் பணம், பயிற்சி, மருந்து, மனிதர்களின் நேரம் எல்லாவற்றையும் கேட்பவை. அதனால்தானோ என்னவோ, அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த இரண்டையும் செய்யாதவர்களுக்கு முதலாவதைச் சொல்லும் தகுதி குறைகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அட்டாளைச்சேனையில் இருந்து ஏன்?

அட்டாளைச்சேனை முஸ்லிம் ஊர். பாலமுனையும் ஒலுவிலும் கோணாவத்தையும் சேர்ந்த இந்தப் பிரதேசத்தில் கிறிஸ்தவ விவாதத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் கிறிஸ்தவம் இந்தக் கரைக்கு அந்நியமானதல்ல. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்து இறங்கியது 1814இல். கல்முனையில் மெதடிஸ்த, கத்தோலிக்கப் பாடசாலைகள் தலைமுறைகளாக நம் பிள்ளைகளையும் படிப்பித்து வருகின்றன. சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத் திருவிழா நாம் எல்லோரும் அறிந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம், முஸ்லிம்கள் 9.7 சதவீதம். இருவரும் இந்த நாட்டில் சிறுபான்மையினர். கொவிட் காலத்தில் முஸ்லிம் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டபோது கிறிஸ்தவ மதகுருமாரும் நமக்காகக் குரல் கொடுத்தார்கள். இறக்கும் மனிதனின் கண்ணியம் என்பது இந்தக் கரையில் ஏட்டுச் சொல் அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. நம் உறவுகள் இன்று லண்டனிலும் டொரண்டோவிலும் முதுமை அடைகிறார்கள். அங்குள்ள வைத்தியசாலைகளில் இந்தக் கேள்வி அவர்கள் கட்டில் வரை வந்துவிட்டது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கீழவை, உறுப்பினர் கிம் லெட்பீட்டர் கொண்டுவந்த, மருத்துவ உதவியுடன் மரணத்தை அனுமதிக்கும் சட்டமூலத்தை 2025 ஜூன் 20ஆம் திகதி 314 வாக்குகளுக்கு 291 என்ற கணக்கில் நிறைவேற்றி மேலவைக்கு அனுப்பியது. கனடாவில் 2016 முதல் சட்டமே இருக்கிறது. மரணம் அண்மையில் எதிர்பார்க்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் 2021இல் அங்கே நீக்கிவிட்டார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் கனடாவில் 15,343 பேர் அந்தச் சட்டத்தின் கீழ் இறந்தார்கள். அந்நாட்டின் மொத்த மரணங்களில் அது 4.7 சதவீதம்.

இலங்கையில் நிலைமை வேறு. தற்கொலைக்கு உடந்தையாக இருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 299ஆம் பிரிவின்படி பாரிய குற்றம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பிரிவு 1998இல் நீக்கப்பட்டது; உதவுகிறவர் மீதான பிரிவு அப்படியே நிற்கிறது. இப்போதைக்கு நம் பாராளுமன்றத்தில் இத்தகைய சட்டம் வரப்போவதில்லை. அதனால்தான் நிதானமாகப் பேச நமக்கு நேரம் இருக்கிறது.

மரணத்தைக் கேட்ட இருவர்

வேதாகமத்தில் மரணத்தைக் கேட்ட இருவரின் கதைகள் இந்த விவாதத்துக்கு மிக அருகில் நிற்கின்றன.

முதலாமவர் சவுல் அரசன். கில்போவா மலைப் போரில் தோற்றுப் படுகாயமடைகிறான். இரண்டாம் சாமுவேல் நூலின் தொடக்கத்தில் ஓர் அமலேக்கியன் தாவீதிடம் வந்து, வேதனையில் துடித்த சவுல் தன்னைக் கொன்றுவிடும்படி கேட்டதாகவும், அவன் பிழைக்கமாட்டான் என்று தெரிந்ததால் தானே கொன்றதாகவும் சொல்கிறான். பரிசு கிடைக்கும் என்று வந்தவனுக்குத் தாவீது மரண தண்டனை விதிக்கிறார். முதலாம் சாமுவேல் நூலோ, சவுல் தானே தன் வாளின் மீது விழுந்தான் என்கிறது. ஆகவே அமலேக்கியன் சொன்னது பொய் என்று கருதும் உரையாசிரியர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் ‘அவரே கேட்டார், வேதனையில் இருந்தார், எப்படியும் இறந்திருப்பார்’ என்ற இன்றைய மூன்று வாதங்களும் அந்த அமலேக்கியனின் வாயில் அன்றே வந்துவிட்டன. தாவீது ஒன்றையும் ஏற்கவில்லை.

இரண்டாமவர் எலியா, குர்ஆன் இல்யாஸ் நபி என்று பெயர் சொல்லும் அதே தீர்க்கதரிசி. யேசபேல் அரசிக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒருநாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று இறைவனிடம் கேட்கிறார். வானதூதன் அவரைக் கண்டிக்கவும் இல்லை, பிரசங்கம் செய்யவும் இல்லை. தூங்கியவரைத் தட்டி எழுப்புகிறான். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குடுவைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. உண்டு, குடித்து, மீண்டும் படுக்கிறார். தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்பி உண்ணச் செய்கிறான். அதன் பிறகுதான் பயணத்தைப் பற்றிய பேச்சு.

சாவைக் கேட்கும் மனிதனை எப்படி நடத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வேதக் கதை இல்லை. அவன் கேட்டதைக் கொடுக்கவில்லை. அவனைக் கைவிடவும் இல்லை. நம் மார்க்கத்திலும் இதே தொனி உண்டு. துன்பம் வந்ததற்காக மரணத்தை ஆசைப்பட வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். தாங்க முடியாதவர் கேட்க வேண்டிய துஆவையும் கூடவே கற்றுக்கொடுத்தார்கள்: வாழ்வு நன்மையாய் இருக்கும்வரை வாழவைக்கவும், மரணம் நன்மையாய் இருந்தால் எடுத்துக்கொள்ளவும் இறைவனிடமே ஒப்படைக்கும் துஆ அது.

எதுவரை வைத்தியம்?

கிறிஸ்தவம் கருணைக்கொலையை எதிர்க்கிறது என்றால், கடைசி மூச்சு வரை குழாயும் இயந்திரமும் பொருத்தி இழுத்தடிக்கச் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும் தவறு.

16ஆம் நூற்றாண்டில் சலமன்காவில் படிப்பித்த டொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ டி வித்தோரியா இதை அன்றே ஆராய்ந்தார். கோழியிறைச்சி போன்ற விலை உயர்ந்த உணவைச் சாப்பிட்டால் இன்னும் 20 வருடம் வாழலாம் என்று மருத்துவர் சொன்னாலும், அதை உண்டே ஆகவேண்டிய கடமை நோயாளிக்கு இல்லை என்றார். சாதாரண உணவும் சாதாரண வைத்தியமும் கடமை. அளவுக்கு மிஞ்சிய செலவும் சுமையும் கடமையல்ல. இந்தப் பாகுபாட்டைத்தான் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பரில் மயக்கமருந்து வைத்தியர்களிடம் மீண்டும் எடுத்துரைத்தார். செயற்கைச் சுவாச இயந்திரம் புதிதாய் வந்திருந்த காலம் அது. அதே ஆண்டு பெப்ரவரியில் அவர் இன்னொன்றையும் சொல்லியிருந்தார்: வலியைப் போக்கும் நோக்கத்தோடு கொடுக்கும் மருந்து, உயிரை முடிக்கும் நோக்கம் இல்லாமலேயே ஆயுளைக் குறைக்கக்கூடும் என்றாலும், அதைக் கொடுப்பது தகும்.

வத்திக்கானின் 1980 பிரகடனமும், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் 1995ஆம் ஆண்டுச் சுற்றுமடலும், 2020இல் வந்த ‘நல்ல சமாரியன்’ கடிதமும் இதே தடத்தில் நடந்தன. கொல்வது ஒன்று, மரணம் வருவதை ஏற்றுக்கொள்வது இன்னொன்று என்பதில் கத்தோலிக்கம் பிசகியதில்லை. உணவையும் நீரையும் குழாய் வழியாகக் கொடுப்பதை மட்டும் உடல் ஏற்கும்வரை நிறுத்தக்கூடாது என்பதில் அது இறுக்கமாக நிற்கிறது. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தன் போதனையைத் தானே வாழ்ந்து காட்டினார். 2005ஆம் ஆண்டு நோய் முற்றியபோது அவரை மீண்டும் ஜெமெல்லி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவில்லை. ஏப்ரல் 2ஆம் திகதி தன் அறையிலேயே, தன்னைச் சூழ்ந்தவர்களின் ஜெபத்தோடு கண்மூடினார்.

இஸ்லாமிய சட்ட அறிஞர்களும் தொலைவில் இல்லை. மூளை முற்றாகச் செயலிழந்து இனித் திரும்பாது என்று நிபுணர்கள் உறுதிசெய்தால் உயிர்காப்புக் கருவியை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் 1986இல் அம்மானில் தீர்மானித்தது.

இதை நம் ஊர்க் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொழும்புத் தனியார் வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாப்பாவைப் போட்டுவிட்டு, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னால் பாவமாகிவிடுமோ என்ற பயத்தில் வயலை ஈடு வைத்த பிள்ளைகள் உண்டு. திரும்பி வர முடியாதவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் சுற்றியிருக்க, கலிமாவைச் சொல்லிக்கொடுத்து வழியனுப்புவதை எந்த மார்க்கமும் கொலை என்று சொல்லவில்லை. இதைச் சொல்ல வேண்டியவர்கள் வைத்தியர்களும் மௌலவிமாரும் பாதிரிமாரும். பெரும்பாலும் அவர்கள் மௌனமாக இருக்கிறார்கள்.

மறுகுரல்கள்

கிறிஸ்தவ உலகம் முழுவதும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கன்டர்பரிப் பேராயராக இருந்து ஓய்வு பெற்ற ஜோர்ஜ் கேரி, மருத்துவ உதவியுடன் மரணத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்துவிட்டு, 2014இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். தேவையற்ற வேதனையைப் பார்த்துக்கொண்டு கோட்பாட்டைக் காப்பது நற்செய்திக்கு எதிரானதாகிவிடும் என்பது அவர் வாதம். தென்னாபிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு, நெல்சன் மண்டேலாவின் கடைசி நாட்களைப் பார்த்து மனம் நொந்தவர். 2016இல் தன் 85ஆவது பிறந்தநாளை ஒட்டி, அந்தத் தெரிவு தனக்கும் வேண்டும் என்று பகிரங்கமாக எழுதினார். கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் கியுங், இறைவன் தந்த சுதந்திரத்தில் மரணத்துக்கான பொறுப்பும் அடங்கும் என்றார். கனடா ஐக்கிய திருச்சபை, கொள்கையளவில் தான் இதை எதிர்க்கவில்லை என்று 2017இல் அறிவித்தது.

இவர்களை இரக்கமற்றவர்கள் என்றோ விசுவாசம் குன்றியவர்கள் என்றோ தள்ளிவிட முடியாது. நிறவெறிக்கு எதிராக உயிரைப் பணயம் வைத்தவர் டுட்டு. எத்தனையோ கட்டிலருகே நின்று ஜெபித்தவர்கள் பார்த்த வேதனை அவர்களைப் பேசவைத்தது.

மறுபக்கத்தில் சாரா முல்லாலியின் குரல் எனக்குக் கனமாகப் படுகிறது. இங்கிலாந்தின் பிரதான தாதி அதிகாரியாக இருந்தவர். புற்றுநோய் வாட்டுகளில் வேலை செய்த தாதி. பின்னர் குருவாகி, லண்டன் ஆயராகி, கன்டர்பரிப் பேராயராகத் தெரிவான முதல் பெண்மணி. லெட்பீட்டரின் சட்டமூலத்தை அவர் தொடர்ந்து எதிர்த்தார். பராமரிப்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்காத நாட்டில் இந்தத் தெரிவு உண்மையான தெரிவாக இருக்காது என்ற அவர் கவலையை ஒரு தாதியின் அனுபவமாகவே நான் வாசிக்கிறேன்.

யாருடைய தெரிவு?

ஏனென்றால், மனிதர்கள் சாவைக் கேட்பது எதற்காக என்று பார்த்தால் வலி மட்டும் காரணமில்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கிறது; ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறார்கள். அதில் முன்னிலையில் நிற்கும் காரணங்கள் தன் காரியத்தைத் தானே செய்ய முடியாமல் போவது, வாழ்க்கையில் பிடித்தவற்றைச் செய்ய முடியாமல் போவது, கண்ணியத்தை இழப்பது ஆகியவை. அண்மைய ஆண்டுகளில் பத்தில் நான்கு பேருக்கு மேல், குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறோம் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். வலி அந்தப் பட்டியலில் கீழேதான் வருகிறது.

பாரம் என்ற எண்ணம் செல்வமுள்ள நாட்டிலேயே இத்தனை பேரை வாட்டுகிறது என்றால், நம் சமூகங்களில் என்னாகும்? தமிழ்நாட்டின் விருதுநகர்ப் பக்கம் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில், படுக்கையில் விழுந்த முதியவர்களின் உயிரைக் குடும்பமே முடித்துவைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. பிரியா கிருஷ்ணசுவாமி எடுத்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற ‘பாரம்’ இதைத்தான் பேசியது. படத்தின் பெயரே குற்றப்பத்திரிகை. அங்கே சட்டமும் இல்லை, வைத்தியரும் இல்லை. வறுமையும் இடநெருக்கடியும் பராமரிக்க ஆளில்லாமையும் இருந்தன. முதியவர் சம்மதித்தார் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். பெற்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, ‘நான் போய்விடுகிறேன்’ என்று சொல்லும் ஒரு தாயின் சம்மதத்தை எந்தச் சட்டம் அளந்து பார்க்கும்?

இலங்கைக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1995இல் நம் நாட்டின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று; இலட்சத்துக்கு 47 பேர் அளவில். கொடிய பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததால் அடுத்த இரண்டு தசாப்தங்களில் அது பெருமளவு சரிந்தது. சாக நினைத்த அந்த வேளை கடந்துபோனபோது பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். சாவை எளிதாக்காமல் வாழ்வுக்கு அவகாசம் கொடுத்த நாடு இது. அந்த அனுபவத்தை இந்த விவாதத்தில் மறந்துவிடலாகாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, திருச்சபைகளில் பெரும்பான்மை சொல்லும் ‘கூடாது’ என்பதன் பக்கமே நானும் நிற்கிறேன். ஆனால் டுட்டுவும் கேரியும் எழுப்பிய கேள்வி அதோடு தீர்ந்துவிடாது. வேதனையில் துடிப்பவரிடம் ‘கூடாது’ என்று சொன்ன பிறகு, அடுத்த நிமிடம் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

ஐந்நூறு பவுண், ஒரு ஜன்னல்

அந்தக் கேள்விக்கு வாழ்நாளையே பதிலாகக் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ். இங்கிலாந்தின் அங்கிலிக்கன் கிறிஸ்தவப் பெண். தாதியாகப் பயின்று, முதுகு வலியால் அதை விட்டு, வைத்தியசாலைச் சமூகப்பணியாளராக மாறினார். லண்டன் வாட்டொன்றில் டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். வார்சோவிலிருந்து வந்த யூத அகதி, உணவகத்தில் பரிமாறியவர், உற்றார் உறவு இல்லாதவர், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தவர். இறக்கும் மனிதர்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். டாஸ்மா 1948இல் தன்னிடமிருந்த 500 பவுணை அவருக்கு விட்டுச் சென்றார், அவர் கட்டப்போகும் வீட்டில் ஒரு ஜன்னலாக இருப்பதற்கு.

அந்த வீட்டைக் கட்ட 19 ஆண்டுகள் எடுத்தன. வைத்தியர்கள்தான் இறப்பவர்களைக் கைவிடுகிறார்கள், ஆகவே நீயே வைத்தியராகு என்று ஒருவர் சொல்ல, முப்பது வயதைக் கடந்து மருத்துவம் படித்தார் சாண்டர்ஸ். ஹக்னியில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில் ஏழாண்டுகள் வேலை செய்தார். அங்கே அவர் உறுதிப்படுத்திய மருத்துவ உண்மை எளிமையானது: வலி வந்து நோயாளி கத்தும்வரை காத்திருக்காமல், மணிக்கணக்குப்படி மோர்பின் கொடுத்தால், குறைந்த அளவிலேயே வலி அடங்கும்; மனிதர் தெளிவோடு பேசுவார், உறங்குவார், விடைபெறுவார். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லம் திறந்தது. நவீன நோய்த்தணிப்புப் பராமரிப்பு அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. உடலின் வலியோடு மனதின், உறவின், ஆன்மாவின் வலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் படிப்பித்தார். கருணைக்கொலைச் சட்டத்தைக் கடைசிவரை எதிர்த்தார். அந்த எதிர்ப்புக்குப் பின்னால் ஒரு கட்டடமும் ஒரு மருந்து அட்டவணையும் இருந்தன. 2005இல் தான் கட்டிய இல்லத்திலேயே இறந்தார்.

இந்தியாவின் முதல் இல்லமும் கிறிஸ்தவக் கைகளில்தான் பிறந்தது. புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நிபுணர் லூயிஸ் ஜோசே டி சூசா 1986இல் மும்பாய் பாந்திராவில் தொடங்கிய சாந்தி அவேதனா இல்லத்தில் கன்னியர்கள் நோயாளிகளைப் பராமரித்தார்கள். எந்த மதத்தவரானாலும் காசு வாங்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

மலப்புறம் காட்டிய வழி

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. வைத்தியர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களும் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு வலி நிவாரணக் கிளினிக்கைத் தொடங்கினார்கள். வைத்தியசாலைக்கு வர முடியாதவர்கள் வீட்டிலேயே துடிக்கிறார்கள் என்று தெரிந்தபோது, பராமரிப்பை ஊருக்குள் கொண்டுபோனார்கள். 2001இல் அயலவர் வலைப்பின்னல் உருவானது. அது வேரூன்றித் தழைத்த மாவட்டம் மலப்புறம், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம்.

ஊரில் உள்ள ஆசிரியர், கடைக்காரர், ஓட்டோ சாரதி, கல்லூரி மாணவி போன்றவர்கள் சில நாள் பயிற்சி பெறுகிறார்கள். வாரத்தில் ஓரிரு மணித்தியாலம் கொடுக்கிறார்கள். ஒரு தாதியோடு சேர்ந்து வீடு வீடாகப் போகிறார்கள். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள். இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வீட்டாருக்குப் பழக்குகிறார்கள். மோர்பின் மாத்திரைக்கு ஒரு கொப்பியில் மணி எழுதிக் கொடுக்கிறார்கள்: காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. அதோடு மலச்சிக்கலுக்கு மருந்தும் சேர்க்க மறக்கமாட்டார்கள், மோர்பின் எடுப்பவருக்கு அது அநேகமாக வரும் என்பதால். வீட்டில் அரிசி இல்லையென்றால் அதையும் கவனிக்கிறார்கள். கடை மேசைகளில் வைத்த உண்டியல்களில் விழும் சில்லறையும் சிறு நன்கொடைகளும் இதற்குப் பணம். 2008இல் கேரள அரசு இதைக் கொள்கையாக ஏற்று, உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பாக்கியது. இந்திய மாநிலங்களில் அப்படிச் செய்த முதலாவது கேரளமே.

லண்டனில் ஒரு கிறிஸ்தவப் பெண் கண்டறிந்தது, கேரளத்து வைத்தியர்கள் கைகளில் வந்து, முஸ்லிம் ஊர்களில் வேர்விட்டது. அதற்கு நம் ஊருக்கு வர வழி தெரியாமலா போகும்?

நம் கரையில் என்ன இருக்கிறது?

திடீர் மரணத்தை இந்தக் கரை நன்றாக அறியும். 2004 சுனாமியில் அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. மெதுவாக வரும் மரணத்தைச் சந்திக்கும் ஏற்பாடுதான் நம்மிடம் குறைவு.

இப்போது நடப்பதைப் பாருங்கள். நோய் முற்றிய உம்மாவை இரவு பஸ்ஸில் அக்கரைப்பற்றிலிருந்து மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறோம். இல்லையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஒருநாள் சொல்கிறார்கள். அந்த நாளோடு வைத்தியமும் முடிந்துவிடுகிறது. வீட்டில் முன்விறாந்தையில் கட்டில். வருகிறவர்கள் யாஸீன் ஓதுகிறார்கள், துஆ கேட்கிறார்கள், பழம் வாங்கி வருகிறார்கள். அந்த அன்பு குறைவற்றது. ஆனால் நடுச்சாமத்தில் வலி வரும்போது யாரை அழைப்பது என்று அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. புண்ணிலிருந்து வாடை வந்தால் வருகிறவர்கள் குறைகிறார்கள். மோர்பின் என்றால் போதைப்பொருள், கொடுத்தால் அடிமையாவார், சீக்கிரம் மௌத்தாகிவிடுவார் என்ற பயம் வேறு. முறையாகக் கொடுத்தால் இரண்டும் நடப்பது மிக அரிது என்பது மருத்துவம் பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி.

இது நம் ஊரின் குறை மட்டுமல்ல. உலகில் ஆண்டுதோறும் சுமார் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவை. அதில் 14 சதவீதம் பேருக்கே கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2017இல் லான்செட் ஆணைக்குழு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் விநியோகமாகும் 298.5 தொன் மோர்பின் வகை மருந்துகளில் மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன் மட்டுமே. இலங்கையில் கொள்கை வகுத்திருக்கிறார்கள்: தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2019 முதல் 2023 வரைக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்புத் திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. மஹரகமையில் சாந்த செவன என்ற இல்லம் இயங்குகிறது. மஹரகமைக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே ஓர் இரவுப் பயணம் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் நாம்தான்.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, நிந்தவூர், கல்முனை ஆகிய இடங்களில் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் மெதடிஸ்த, கத்தோலிக்கப் பங்குகளும் சேர்ந்து ஒரு குழு அமைக்கலாம். நோயாளியின் கட்டிலருகே மதம் கேட்கத் தேவையில்லை. அக்கரைப்பற்று, கல்முனை வைத்தியசாலைகளில் ஆர்வமுள்ள ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் முன்வந்தால் பயிற்சியைத் தொடங்கலாம். கல்வியியற் கல்லூரி மாணவர்களும் ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்களும் தொண்டர்களாக வரலாம். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, கழிப்பறைக் கதிரை ஆகியவற்றை ஊரே வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். ஸகாத்தை இதற்குச் செலவிடுவது பற்றி உலமாக்கள் தீர்ப்புச் சொல்லட்டும். ஸதகா கொடுக்க எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மௌலவிமாருக்கும் பாதிரிமாருக்கும் ஒரு வேண்டுகோள். உயிரை எடுக்கும் உரிமை மனிதனுக்கு இல்லை என்று நீங்கள் சொல்வதை நாங்கள் ஏற்கிறோம். அதே மேடையில், அதே உறுதியோடு, வலியைத் தணிக்கும் மருந்து ஹறாமும் அல்ல பாவமும் அல்ல, பயனற்ற சிகிச்சையை நிறுத்துவது கொலை அல்ல, படுக்கையில் கிடப்பவர் எவருக்கும் பாரம் அல்ல என்றும் சொல்லுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர்கள் யார் யார் என்று இந்த வாரம் கேட்டறியுங்கள். பெயர்களை எழுதி, உங்கள் பள்ளிவாசல், கோயில், ஆலய நிர்வாகத்தின் அடுத்த கூட்டத்தில் கொண்டுபோய் வையுங்கள். அந்த வீடுகளுக்கு வாரம் ஒரு முறை யார் போவது என்று அந்தக் கூட்டம் கலைவதற்கு முன் முடிவெடுக்கச் சொல்லுங்கள்.